சாதிச்ச பெண்கள் ஏன் "எல்லாம் தானா அமைஞ்சுது"ன்னே சொல்றாங்க?

கேள்வி இதுதான்: பேர் வாங்கின பெண் எழுத்தாளர், ஓவியர், டைரக்டர்னு யார் பேட்டியப் படிச்சாலும் "நான் எதுவும் பிளான் பண்ணல, எல்லாம் தானா அமைஞ்சுது"ன்னே இருக்கே, இவங்களுக்கெல்லாம் ஆம்பிஷனே கிடையாதா, இல்ல மறைக்கறாங்களா? நான் ஒரு விருதுக்கு அரைப் பக்கம் பயோ எழுதிக் குடுக்கணும், அதுல எனக்குப் பெரிய ஆசை இருந்துதுன்னு எழுதினா திமிர் மாதிரி தெரியுமா?

ஆம்பிஷன் இருந்துது. எக்கச்சக்கமா இருந்துது. அத வெளிய சொல்ல விடல, பாதிப் பேருக்கு சொல்லவும் வரல. நான் பத்திரிகைக்காக கலைஞர்களைப் பேட்டி எடுக்கறதும், எடுத்தத டைப் அடிச்சு வெட்டி ஒட்டறதுமா ரொம்ப காலமா இருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன், ஒருத்தங்களுக்கு எவ்ளோ ஆசை இருந்துதுன்னு தெரியணும்னா அவங்க வாயப் பாக்காதீங்க, டைம்டேபிளப் பாருங்க. எப்ப எழுதினாங்க, எங்க உக்காந்து எழுதினாங்க, அந்த நேரத்துல வீட்டு வேலைய யார் பாத்தாங்க, காசு எங்கேர்ந்து வந்துது, முடியாதுன்னு சொன்னப்போ அடுத்த நாள் என்ன பண்ணாங்க. பேச்சுல அடக்கமா இருக்கறவங்க கூட இந்த விஷயத்துல பிடிவாதமா இருந்திருப்பாங்க.

முதல் பாதிக்கு ஆராய்ச்சியாவே பதில் இருக்கு. ஜில் கெர் கான்வேன்னு ஒரு வரலாற்று ஆய்வாளர், 1975-ல அமெரிக்காவுல ஸ்மித் காலேஜோட முதல் பெண் தலைவரா வந்தவங்க. பெண்கள் எழுதின சுயசரிதைகளைத் தேடித் தேடிப் படிச்சுத் தொகுத்தவங்க. அவங்க கவனிச்ச விஷயம் ரொம்ப சுவாரசியமானது. ஒரே பெண்மணி தன் லெட்டர்ல பாத்தா திட்டம் போடறாங்க, ஆள் பிடிக்கறாங்க, பணம் திரட்டறாங்க, நெனச்சத முடிக்காம விடறதில்ல. அதே ஆள் பின்னாடி சுயசரிதை எழுதும்போது அதே சம்பவம் எல்லாம் தானா வந்து மடியில விழுந்த மாதிரி மாறிடுது. சமூக சேவகி ஜேன் ஆடம்ஸ் மாதிரி பெரிய பெரிய நிறுவனத்தையே கட்டி எழுப்பினவங்க கூட அப்படித்தான் எழுதியிருக்காங்க. பொய் சொல்லணும்னு இல்ல, ஆம்பளை கதைய சொல்றதுக்கு ரெடிமேடா ஒரு வடிவம் இருந்துது, கெளம்பினான், போராடினான், ஜெயிச்சான். பொம்பளைக்கு அந்த வடிவத்துல சொன்னா கேக்கறவங்க முகம் சுளிப்பாங்கன்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும்.

இதுக்கு நேர் எதிர் உதாரணம் மரி பாஷ்கிர்ட்சேவ். 1858-ல பொறந்து பாரிஸ்ல ஓவியம் படிச்ச பொண்ணு. அந்தக் காலத்துல அங்க அரசாங்க ஓவியப் பள்ளியில பெண்களை சேக்கவே மாட்டாங்க, 1897-லதான் கதவு தொறந்துது, அதனால தனியார் ஸ்டூடியோவுல படிச்சாங்க. டைரி எழுதினாங்க, பக்கம் பக்கமா. அதுல எந்த ஒளிவு மறைவும் இல்ல, எனக்குப் புகழ் வேணும், நான் பெரிய ஓவியராகணும், அதுக்கு முன்னாடி செத்துட்டேன்னா இந்த டைரியாவது என் பேரக் காப்பாத்தட்டும்னு போகும். 1884-ல காசநோய்ல இறந்துட்டாங்க, வயசு 25. 1887-ல டைரி வெளிய வந்துது, ஆனா அதுக்கு முன்னாடி குடும்பம் உக்காந்து நெறைய எடத்த வெட்டித் தள்ளிடுச்சு. அவ்வளவு வெட்டியும் மீதி இருந்ததே போதும்ங்கற அளவுக்கு அந்தப் புத்தகம் பரபரப்பாச்சு.

சரி, டைரின்னா எப்பவும் உண்மை, பேட்டின்னா எப்பவும் பொய்னு எடுத்துக்கலாமான்னா அதுவும் கெடையாது. கிளாரா ஷூமன் கதையப் பாருங்க. பியானோ மேதை, குழந்தையிலேர்ந்தே மேடை, 16 வயசுல தான் எழுதின பியானோ கான்செர்ட்டோவ (ஆர்கெஸ்ட்ராவோட சேந்து வாசிக்கற பெரிய படைப்பு) லைப்சிக்ல இசையமைப்பாளர் மெண்டல்ஸான் நடத்த வாசிச்சவங்க. அதே பொண்ணு 20 வயசுல, 1839-ல டைரியில என்ன எழுதறாங்க தெரியுமா, எனக்குப் படைக்கற திறமை இருக்குன்னு ஒரு காலத்துல நம்பினேன், அந்த எண்ணத்த விட்டுட்டேன், பொம்பளை இசை எழுத ஆசைப்படக் கூடாது, இதுவரைக்கும் யாராலயும் முடியல, நான் மட்டும் என்ன விதிவிலக்கான்னு. தனியா, யாருமே படிக்காத எடத்துல, தனக்குத் தானே சொல்லிக்கிட்ட வார்த்தை. படிச்சா மனசு கலங்கும்.

ஆனா டைம்டேபிளப் பாருங்கன்னு சொன்னேன்ல. அடுத்த வருஷம் கல்யாணம், அப்பறம் வரிசையா எட்டு குழந்தைங்க. வீட்டுல புருஷன் ராபர்ட் இசை எழுதிட்டு இருக்கும்போது இவங்க பியானோவத் தொடக் கூடாது, சத்தம் அவருக்குத் தொந்தரவு. ரெண்டு பேரும் சேந்து எழுதின டைரியில ராபர்ட்டே 1843-ல வருத்தப்பட்டு எழுதியிருக்காரு, குழந்தைங்களும் எப்பவும் கற்பனையில கெடக்கற புருஷனும் இருக்கற வீட்டுல இசை எழுத முடியல, இவளுக்குத் தோணற எத்தனையோ நல்ல விஷயம் வளராமலேயே போகுதுன்னு. (வருத்தப்பட்டாரு, அவ்வளவுதான், பியானோ நேரத்த பங்கு போட்டுக்கலாம்னு தோணல.) அப்படியும் 1846-ல மூணு வாத்தியத்துக்கு ஒரு அருமையான ட்ரியோ எழுதினாங்க. பெரிய மாற்றம் வந்தது 1853-ல. புது வீட்டுக்குக் குடி போனாங்க, அங்க ராபர்ட் காதுக்கு எட்டாத தூரத்துல கிளாராவுக்குன்னு ஒரு ரூம். அந்த ஒரு கோடையில மளமளன்னு நாலு படைப்பு. "பொம்பளைக்கு வராது"ன்னு டைரியில எழுதின அதே கை, படைக்கறத விட பெரிய சந்தோஷம் எதுவுமே இல்லன்னும் எழுதுது. திறமை எங்கயும் போகல, ரூம்தான் இல்லாம இருந்துது. 1856-ல ராபர்ட் இறந்தாரு, எட்டு குழந்தையில ஒண்ணு முன்னாடியே போயிடுச்சு, மீதி ஏழு பேரையும் காப்பாத்தணும், கச்சேரிதான் சோறு போடும், அதுக்கப்பறம் இசை எழுதறது கிட்டத்தட்ட நின்னே போச்சு. வாசிக்கறது மட்டும் 60 வருஷத்துக்கு மேல தொடர்ந்துது.

மெண்டல்ஸானோட அக்கா ஃபேனி கதையும் இதே ரகம்தான், ஒன்னோட தம்பிக்கு இசை தொழிலா இருக்கலாம், உனக்கு அலங்காரமா மட்டும்தான்னு 1820-ல அப்பா லெட்டர் எழுதினாரு, 450-க்கு மேல இசைப் படைப்பு எழுதியும் தன் பேர்ல முதல் தொகுப்ப வெளியிட்டது 1846-ல, 40 வயசுல, அடுத்த வருஷமே மரணம்.

இப்போ நம்ம காலத்துக்கு வரலாம். டோனி மாரிசன். 1993-ல நோபல் வாங்கினவங்க, முதல் நாவல் வந்தது 1970-ல, அப்போ வயசு 39. விவாகரத்து ஆகி ரெண்டு பசங்களத் தனியா வளத்துக்கிட்டு, பதிப்பகத்துல முழு நேர எடிட்டர் வேலையும் பாத்துக்கிட்டு எழுதினவங்க. விடியறதுக்கு முன்னாடி எழுந்து எழுதற பழக்கம் அவங்களுக்கு எப்படி வந்துதுன்னு கேட்டா, பசங்க எழுந்து அம்மான்னு கூப்பிடறதுக்கு முன்னாடி இருக்கற நேரம்தான் என் நேரம், அதான்னு சொல்லியிருக்காங்க. பின்னாடி பசங்க வளந்து போயும் அந்தப் பழக்கம் மாறல. இன்னொரு சம்பவமும் சொல்லியிருக்காங்க. குழந்தை கைப்பிரதி மேலயே கக்கிடுச்சு, அவங்க அதத் தொடைக்கக் கூட எழுந்திரிக்கல, ஈரத்த சுத்தி எழுதிக்கிட்டே போனாங்க, ஏன்னா தொடைக்கறது அப்பறமும் தொடைச்சுக்கலாம், அந்த வாக்கியம் திரும்ப வருமான்னு தெரியாது. இத விட ஆம்பிஷனுக்கு என்னங்க சாட்சி வேணும்? இவங்க மேடையில ஏறி "எல்லாம் அதிர்ஷ்டம்"னு சொன்னாக்கூட நான் நம்ப மாட்டேன்.

மாரிசன் விஷயத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற. 1983-ல பதிப்பக வேலைய விட்டாங்க. விட்டு சில நாள் கழிச்சு, வீட்டுக்கு முன்னாடி ஆத்துக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கற மரப் பாலத்துல உக்காந்திருக்கும்போது நெஞ்சு படபடங்குது, என்னமோ தப்பா நடக்கப் போகுதுங்கற மாதிரி ஒரு பதட்டம், என்னன்னே புரியல. யோசிச்சுப் பாத்தா அது பயமே இல்ல, சந்தோஷம், விடுதலை. அதுவரைக்கும் பழக்கமே இல்லாததால அடையாளம் தெரியல. நோபல் வாங்கற வழியில இருக்கற ஒருத்தங்களுக்கு 50 வயசு தாண்டித்தான் தன் நேரம் முழுசா தன் கையில வந்துதுன்னா பாத்துக்கோங்க. அந்த உக்காந்திருந்த நேரத்துலதான் அடுத்த பெரிய நாவலோட விதை விழுந்துதுன்னும் அவங்களே எழுதியிருக்காங்க.

அன்யெஸ் வார்டா பிரான்ஸ் டைரக்டர். 1972-ல பையன் பொறந்தான், வீட்ட விட்டு நகர முடியல. இவங்க என்ன பண்ணாங்கன்னா வீட்டு மீட்டர்லேர்ந்து ஒரு நீள ஒயர இழுத்து, அந்த ஒயர் எட்டற தூரம் வரைக்கும்தான் ஷூட்டிங்னு முடிவு பண்ணி, அவங்க தெருவுல இருந்த சின்னச் சின்னக் கடைக்காரங்களையே ஒரு முழு டாக்குமெண்டரியா எடுத்தாங்க. அது என் தொப்புள் கொடி மாதிரின்னு அவங்களே கிண்டலா சொல்லுவாங்க. இத "தாய்மையும் கலையும் அழகா கலந்த கதை"ன்னு ஷேர் பண்றவங்களப் பாத்தா எனக்கு எரிச்சலா வரும். அந்த ஒயருக்குள்ள எவ்ளோ கோவம் இருந்திருக்கும்னு யாருமே யோசிக்கறதில்ல. 89 வயசுல ஆஸ்கர் போட்டியில பேர் வந்துது அவங்களுக்கு, அதுவரைக்கும் போட்டிப் பிரிவுல அந்த வயசுல யார் பேரும் வந்தது கெடையாது.

தமிழ்லயே எடுத்துக்கோங்க. வை.மு.கோதைநாயகி, 1901-ல பொறந்தவங்க, கதை மனசுல கொட்டுது, ஆனா கையால எழுதத் தெரியாது. அதனால சொல்லச் சொல்ல தோழி பட்டம்மாள் எழுத, முதல் நாடகம் அப்படித்தான் வந்துது. 1925-லேர்ந்து ஜகன்மோகினி பத்திரிகைய தானே எடுத்து நடத்தி, நூத்துக்கு மேல நாவல். எழுதத் தெரியாத ஒருத்தங்க கையில சொந்தப் பத்திரிகை வந்துது, அதுவும் அந்தக் காலத்துல, அதெல்லாம் தானா அமையற விஷயமா சொல்லுங்க? சல்மா கதை தெரிஞ்சிருக்கும், வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்னு போய், கல்யாணத்துக்கு அப்பறம் ராத்திரி பாத்ரூம்ல நின்னுக்கிட்டு கவிதை எழுதி ஒளிச்சு வெச்சு, புனைபேர்ல வெளிய அனுப்பி, 2000-ல முதல் தொகுப்பு. அந்தக் கவிதைங்க பத்திரமா வெளிய போகறதுக்கு அவங்க அம்மா உதவினாங்கங்கறதும் பதிவாயிருக்கு, அந்தப் பங்க யாரும் பெருசா பேசறதில்ல.

நான் நேர்ல பாத்த ஒண்ண சொல்லிடறேன். ஒரு வயசான ஓவியர், பேர் வேண்டாம். ரெண்டு மணி நேரம் பேட்டி, எதக் கேட்டாலும் "சும்மா பொழுதுபோக்கா ஆரம்பிச்சேன்மா, அவர் சப்போர்ட் பண்ணாரு, கடவுள் புண்ணியம்"னே போய்க்கிட்டு இருந்துது. ரெக்கார்டர அமத்தி பையில போட்டப்பறம், ஒரு படம் எந்த வருஷம்னு சந்தேகம் கேட்டேன். உள்ள போய் நீளமான கணக்கு நோட்டு ஒண்ண எடுத்துட்டு வந்தாங்க. முதல் படத்துலேர்ந்து ஒவ்வொண்ணுக்கும் நம்பர், அளவு, ஆரம்பிச்ச தேதி, முடிச்ச தேதி, யார் வாங்கினாங்க, எவ்ளோ குடுத்தாங்க, எந்தக் கண்காட்சியில திருப்பி அனுப்பினாங்க, எல்லாம் செவப்பு இங்க், நீல இங்க்னு பிரிச்சு எழுதி வெச்சிருக்காங்க. சில படத்துக்கு எதிர்ல "இத விக்கக் கூடாது, மியூசியத்துக்கு"ன்னு குறிப்பு. பொழுதுபோக்குக்கு வரையறவங்க மியூசியத்துக்குன்னு எடுத்து வைப்பாங்களா? அந்த நோட்டப் பத்தி எழுதட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்மா, அலட்டிக்கறா மாதிரி இருக்கும்னுட்டாங்க.

இதுல நம்ம பேட்டி எடுக்கறவங்க தப்பும் இருக்கு. வீட்டையும் வேலையையும் எப்படி சமாளிச்சீங்கன்னு கேட்டா அதுக்குள்ள அடங்கற பதில்தான் வரும். எதுல தோத்தீங்க, யார முந்தணும்னு நெனச்சீங்க, எத எழுதாம விட்டதுல வருத்தம்னு கேட்டா வேற ஆள் வெளிய வருவாங்க. எழுத்தாளர் அம்பை 1988-ல மும்பையில ஸ்பாரோன்னு பெண்களுக்கான ஆவணக் காப்பகம் ஆரம்பிச்சாங்க, பாடகிகள், நடனக் கலைஞர்கள்னு நிறைய பேர உக்கார வெச்சு அவங்க வாழ்க்கைய அவங்க குரல்லயே பதிவு பண்ணியிருக்காங்க. அந்த மாதிரி நீளமான உரையாடல்கள்ல மக்கள் பேசற விதமே வேற, பத்திரிகைப் பேட்டியில வர்ற வழவழா கொழகொழா இல்ல.

காசையும் வீட்டு வேலையையும் பேசாம இந்த விஷயத்தப் பேசவே கூடாது. சொந்த ரூமும் வருஷத்துக்கு 500 பவுண்டும் வேணும்னு 1929-ல ஆங்கில எழுத்தாளர் வர்ஜினியா வுல்ஃப் சொன்னத எல்லாரும் சொல்லிட்டாங்க, விடுங்க. எனக்குப் பிடிச்ச கணக்கு அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் போட்டது. ஒரு ஆளால ரெண்டு முழு நேர வேலை பாக்க முடியாது, ஆனா ரெண்டு பேர் சேந்தா மூணு முழு நேர வேலை பாத்துடலாம், நேர்மையா பங்கு போட்டுக்கிட்டா. மூணு குழந்தைய வளத்துக்கிட்டு, அத்தன புத்தகம் எழுதினவங்க அனுபவத்துல போட்ட கணக்கு.

ஓவியர் கார்மென் ஹெரேரா பேர் சமூக வலைதளத்துல அடிக்கடி சுத்தும், 1915-ல ஹவானாவுல பொறந்து நியூயார்க்ல வாழ்ந்தவங்க, முதல் படம் வித்தது 2004-ல, 89 வயசுல, 2016-ல விட்னி மியூசியத்துல பெரிய கண்காட்சி, 2022-ல 106 வயசுல இறந்தாங்க. "கனவுக்கு வயசில்ல"ன்னு படம் போட்டு பரப்புவாங்க. ஆனா கதையோட ரெண்டு விஷயம் அந்தப் படத்துல இருக்காது. ஒண்ணு, அவங்க படம் நல்லா இல்லைன்னு யாரும் ஒதுக்கல, என்கிட்ட இருக்கற ஆம்பளைங்க எல்லாரையும் விட நீ நல்லா வரையற, ஆனா பொம்பளைங்கறதால உனக்குக் கண்காட்சி குடுக்க மாட்டேன்னு ஒரு கேலரி ஓனர், அதுவும் ஒரு பெண், முகத்துக்கு நேரா சொன்னாங்க. ரெண்டு, அத்தன வருஷமும் படம் விக்காம எப்படி வரைஞ்சாங்கன்னா, புருஷன் ஸ்கூல் வாத்தியார், அவர் சம்பளம் வீட்ட ஓட்டுச்சு, படம் வரையறத விட்டுடுன்னு அவர் சொல்லல. பஸ்ஸுக்குக் காத்திருந்தா வரும்னு சொல்லுவாங்க, எனக்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆச்சுன்னு அவங்களே கிண்டலடிச்சாங்க. சிற்பி லூயி பூர்ஷ்வாவும் அப்படித்தான், நியூயார்க் நவீன கலை மியூசியத்துல பெரிய கண்காட்சி வந்தது 1982-ல, 70 வயசுல, அந்த பிரம்மாண்டமான சிலந்தி சிற்பமெல்லாம் அதுக்கும் அப்பறம். தாமதமா வந்த புகழ நான் கொண்டாட மாட்டேன். தாமதப்படுத்தினவங்க யாருன்னு கேப்பேன்.

உச்சத்துக்குப் போனப்பறம் நிம்மதியா இருந்தாங்களான்னா, பெரும்பாலும் இல்ல. அமெரிக்க நடனக் கலைஞர் மார்த்தா கிரகாம் 1943-ல தன் சிநேகிதி அக்னெஸ் டி மில்கிட்ட சொன்னது பிரபலம், எந்தக் கலைஞருக்கும் திருப்தின்னு ஒண்ணு எப்பவுமே கெடையாது, ஒரு தெய்வீகமான அதிருப்திதான் இருக்கு, அதுதான் நம்மள மத்தவங்கள விட உயிரோட வெச்சிருக்குன்னு. சொன்னபடியே 70 வயசு தாண்டியும் மேடையில ஆடினாங்க, ஆட்டத்த விட்டப்பறம் மனசளவுல ரொம்ப ஒடிஞ்சு போய், திரும்ப எழுந்து 96 வயசுல இறக்கறவரைக்கும் நடனம் அமைச்சாங்க. எழுத்தாளர் டோரிஸ் லெஸ்ஸிங் 2007-ல, 87 வயசுல, டாக்ஸியிலேர்ந்து பையோட இறங்கறாங்க, வாசல்ல நிருபர்கள் நோபல் கெடச்சிருக்குன்னு சொல்றாங்க, அவங்க முகத்துல வந்தது சலிப்பு. வீடியோ இருக்கு, பாருங்க. அதே லெஸ்ஸிங் முதல் கல்யாணத்துல பொறந்த ரெண்டு குழந்தைங்கள விட்டுட்டு வந்தவங்க, 1949-ல மூணாவது குழந்தையோடயும் ஒரு நாவல் கைப்பிரதியோடயும் லண்டன் வந்து எறங்கினாங்க. அந்தக் குழந்தைங்கள வளக்க நான் சரியான ஆள் இல்லன்னு பின்னாடி வெளிப்படையா சொன்னாங்க. அது சரியா தப்பான்னு தீர்ப்பு சொல்ல நான் வரல, ஆனா ஆம்பிஷனோட விலையப் பத்தி பூசி மெழுகாம பேசின ரொம்ப சில பேர்ல அவங்க ஒருத்தர்.

இன்னொரு எச்சரிக்கை. நாம பேசறது எல்லாமே கரையேறினவங்க கதை. டில்லி ஓல்சன்னு அமெரிக்க எழுத்தாளர், நாலு பொண்ணுங்க, கூலி வேலை, முதல் சிறுகதைத் தொகுப்பு 1961-ல. 1978-ல அவங்க போட்ட புத்தகமே எழுதப்படாம போனதப் பத்திதான், யார் யார் எழுதியிருக்கலாம், ஏன் எழுதல, ரெண்டு புத்தகத்துக்கு நடுவுல ஏன் அத்தன வருஷ இடைவெளின்னு. விடியக்காலையில எழுந்தா போதும்னு நெனக்கறவங்க அதப் படிக்கணும். அஞ்சு மணிக்கு எழுந்தும் ஒண்ணும் எழுத முடியாம வேலைக்குக் கெளம்பினவங்கதான் ஜாஸ்தி.

இப்போ உங்க பயோ. திமிரா தெரியுமான்னு கேட்டீங்க. சில பேருக்குத் தெரியும், தெரியட்டும், அவங்க நீங்க அடக்கமா எழுதினாலும் வேற ஏதாவது சொல்லுவாங்க. "எனக்குப் பெரிய ஆசை இருந்தது"ன்னு தனியா ஒரு வாக்கியம் போட வேண்டிய அவசியமே இல்ல, அது வெத்து வாக்கியமா நிக்கும். அதுக்கு பதிலா உங்க டிராஃப்ட எடுத்து "வாய்ப்பு கிடைத்தது"ன்னு இருக்கற ஒவ்வொரு எடத்துலயும் யார்கிட்ட கேட்டீங்க, என்ன காட்டிக் கேட்டீங்கன்னு மாத்துங்க. "குடும்பத்தின் ஆதரவால்"னு இருந்தா யார், என்ன வேலைய எடுத்துக்கிட்டாங்கன்னு பேர் சொல்லி எழுதுங்க, அம்மாவா, புருஷனா, சம்பளத்துக்கு வந்த அக்காவா. திருப்பி அனுப்பினது இருந்தா ஒண்ணு ரெண்டையாவது சேருங்க. கடைசியா இப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருக்கீங்கங்கறத வெச்சு முடிங்க.